வளவுக்கு ஒரு காவற் கண்
தோட்டக் கமரா வாங்குமுன் நாம் அறிய வேண்டியவை

பல ஆண்டுகள் இடம்பெயர்ந்து வாழ்ந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பங்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. “பகலில் பாடுபட்டு நட்டதை இரவில் எதுவோ அழித்துவிடுகிறது. எது என்று தெரியவில்லை.” ஆளில்லாமல் கிடந்த காலத்தில் வளவுகள் பற்றையாகிவிட்டன. காடு வேலியோரம் வரை வந்துவிட்டது. பக்கத்துக் காணிக்காரர் இன்னும் திரும்பவில்லையென்றால், அந்தப் பக்கம் இரவில் யார் வருகிறார், எது வருகிறது என்று பார்ப்பதற்கும் ஆளில்லை.

வேறு சிலரின் நிலை இன்னொரு விதமானது. காணி விடுவிக்கப்பட்டுவிட்டது, ஆனால் வீடு இன்னும் கட்டி முடியவில்லை. காலையில் போய்த் தோட்டம் செய்துவிட்டு, பொழுதுபட உறவினர் வீட்டுக்கோ வாடகை வீட்டுக்கோ திரும்புகிறார்கள். கிணற்றடியில் விட்டுவந்த நீர்இறைக்கும் இயந்திரம் காலையில் இருக்குமா என்ற கவலையோடு படுக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள் “கமரா ஒன்று வாங்கிப் பூட்டினால் நல்லதா? எதை வாங்குவது?” என்று எம்மிடம் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கடையில் சொல்வதைக் கேட்டு வாங்கிவிட்டு, இரண்டு மாதத்தில் அலுமாரிக்குள் போட்டுவைத்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இவ்விடயத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

ஓர் அனுபவம்

மீளக்குடியமர்ந்த கிராமம் ஒன்றில் ஒரு தாய் கால் ஏக்கரில் மரவள்ளி நட்டிருந்தார். கிழங்கு விழத் தொடங்கிய காலத்தில், இரண்டு மூன்று நாளுக்கொரு முறை சில மரங்கள் சாய்ந்து, கிழங்கு இல்லாமற் கிடந்தன. அயல் வளவில் அந்த ஆண்டுதான் ஒரு குடும்பம் வந்து குடியேறியிருந்தது. அவர்களுக்கு வருமானம் எதுவுமில்லை. சந்தேகம் அவர்கள் பக்கம் திரும்பியது. யாரும் நேரே எதுவும் கேட்கவில்லை. ஆனால் பொதுக் கிணற்றுக்குப் போகும் ஒழுங்கைப் பக்கம் படலை ஒன்று போடப்பட்டது. பிள்ளைகள் சேர்ந்து பள்ளிக்கூடம் போவதும் நின்றது.

நாம் ஒரு கமராவை இரவலாகப் பெற்று, வேலியோரத்துப் பூவரச மரத்தில் கட்டினோம். மூன்றாம் இரவு படம் விழுந்தது. இரண்டு முள்ளம்பன்றிகள். வேலியின் அடியில் ஒரு சாண் அகலப் பொட்டுக்குள்ளால் வந்து, கிண்டித் தின்றுவிட்டு, அதே வழியால் போயிருந்தன. அந்தப் படத்தைத் தாயார் தாமே எடுத்துக்கொண்டு போய் அயல்வீட்டில் காட்டினார். படலை அடுத்த நாள் கழற்றப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கமரா முள்ளம்பன்றியைத் தடுக்கவில்லை. தடுத்தது பிறகு அடித்த கம்பிவலை. கமரா செய்தது ஒரு கேள்விக்கு விடை சொன்னது மட்டுமே. கமரா கண், கையல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

செலவில்லாத முதல் கமரா

கமரா வாங்குவதற்கு முன்னர் எல்லோரும் செய்து பார்க்கக்கூடிய ஒரு முறை உண்டு. வேலியில் பொட்டு உள்ள இடத்திலும், சேதம் நடக்கும் பாத்தியைச் சுற்றியும், நான்கு அடி அகலத்துக்கு நிலத்தைக் கூட்டித் துப்புரவாக்குங்கள். அதன்மேல் அரித்த மணலையோ சாம்பல் கலந்த புழுதியையோ ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, பலகையால் மட்டமாக்கிவிடுங்கள். காலையில் கோழிகள் திறந்துவிடப்படுமுன் போய்ப் பாருங்கள்.

பிளவுபட்ட குளம்பும், அதன் பின்னால் இரு சிறு புள்ளிகளும் இருந்தால் பெரும்பாலும் பன்றி. பெரிய பிளவுக் குளம்பானால் கட்டாக்காலி மாடு. நான்கு விரலும் நக அடையாளமும் இருந்தால் நாய் அல்லது நரி. நான்கு விரல் இருந்து நகம் தெரியாவிட்டால் பூனை இனம். பாதத்தோடு சேர்த்து முள் இழுபட்ட கோடுகள் இருந்தால் முள்ளம்பன்றி. செருப்புத் தடமென்றால் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று நான்கு இரவு இப்படிப் பார்த்தால் பல வீடுகளில் விடை கிடைத்துவிடும். கமராவுக்குச் செலவழிக்க இருந்த பணத்தை வேலிக்குப் போடலாம். மழைக்காலத்தில் இந்த முறை சரிவராது. தடம் தெளிவில்லாதபோதும், களவு என்ற சந்தேகம் இருக்கும்போதும், வளவில் ஆளில்லாதபோதும்தான் கமரா உதவும். குரங்கும் மயிலும் பகலில் வந்து அழிப்பவை. அவற்றை அறியக் கமரா தேவையில்லை. எமது கண்ணே போதும்.

இரண்டு வகைக் கமராக்கள்

கடையில் பல பெயர்களில் விற்றாலும், தோட்டத்துக்கு உதவுபவை இரண்டு வகைதான்.

முதலாவது, காட்டுக் கமரா. இது ஒரு சிறு பெட்டி. வயர் இல்லை, இணையம் தேவையில்லை. பற்றரியில் வேலை செய்யும். வார்ப்பட்டியால் மரத்தில் கட்டிவிடலாம். எடுத்த படங்கள் உள்ளேயுள்ள நினைவு அட்டையில் பதியும். சில நாட்களின் பின் அட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, காவற் கமரா. இது படத்தை உடனே கைத்தொலைபேசிக்கு அனுப்பும். இதற்கு மின்சாரமோ சூரியத் தகடோ வேண்டும். அத்தோடு வீட்டில் வைபை இணைப்பு, அல்லது கமராவுக்குள் போடும் ஒரு சிம் அட்டையும் மாதாந்த டேற்றாக் கட்டணமும் வேண்டும்.

என்ன அழிக்கிறது என்று அறிவதே உங்கள் தேவையென்றால் முதலாவது வகை போதும். இன்னும் நிலையான இடத்தில் குடியேறாத குடும்பங்களுக்கும் இதுவே பொருத்தம். நாளைக்கு வேறிடம் போனாலும் கழற்றி எடுத்துச் செல்லலாம். ஆளில்லாத வளவில் உள்ள இயந்திரத்தையோ கட்டுமானப் பொருட்களையோ காக்க வேண்டுமென்றால் மட்டும் இரண்டாவது வகையை யோசியுங்கள். இரண்டு வேலையையும் ஒரே கமரா நன்றாகச் செய்யும் என்று விற்பவர் சொன்னால், அதை முழுதாக நம்ப வேண்டாம்.

காட்டுக் கமரா வேலை செய்யும் விதம்

இந்த யோசனை புதியதன்று. அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷைராஸ் என்பவர், விலங்கு தட்டினால் வெளிச்சம் எரிந்து படம் விழும்படி கயிறு கட்டிப் படமெடுத்தார். அவருடைய இரவுப் படங்கள் 1906 இல் நஷனல் ஜியோகிராபிக் சஞ்சிகையில் வெளிவந்தன. இன்று கயிற்றுக்குப் பதிலாக ஓர் உணரி இருக்கிறது.

அந்த உணரி உடற்சூட்டை உணர்கிறது. சூழலைவிடச் சூடான ஓர் உடல் அதன் முன்னால் அசைந்ததும் கமரா விழித்துப் படமெடுக்கும். இரவில், எமது கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர் ஒளியைப் பாய்ச்சும். அதனால் இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளையாகவே இருக்கும்.

இதிலிருந்து சில உண்மைகள் விளங்கும். பாம்புக்கு உடற்சூடு சூழலோடு ஒத்திருப்பதால் கமரா பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது. முட்டை காணாமற் போய்ப் படமும் விழவில்லையென்றால் பாம்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடும் வெயிலில் சூழலின் வெப்பம் உடற்சூட்டை நெருங்கும்போது உணரி மந்தமாகிவிடும். வெயிலில் சூடாகி அசையும் இலைகளை விலங்கென்று எண்ணி நூற்றுக்கணக்கில் வெறும் படம் எடுக்கவும் கூடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. விழிக்கும் வேகம்: உணர்ந்த பின் படமெடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அரைச் செக்கன் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் நல்லது. ஒரு செக்கனுக்கு மேலானால் வாலும் வெறும் வேலியுமே படத்தில் இருக்கும்.

2. இரவு ஒளி: 850 நனோமீற்றர், 940 நனோமீற்றர் என இரு வகை உண்டு. முதலாவது தூரத்துக்கு ஒளி வீசும். ஆனால் எரியும்போது மங்கிய சிவப்புப் புள்ளி தெரியும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது, தூரம் குறைவு. விலங்கு பார்க்க முதலாவது போதும். கள்வன் கண்டு கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம் உள்ள இடத்தில் இரண்டாவது நல்லது.

3. மெகாபிக்சல்: பெட்டியில் எழுதியுள்ள பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல மலிவுக் கமராக்கள் சிறு படத்தை இழுத்துப் பெருப்பித்து அந்த எண்ணைக் காட்டுகின்றன. அந்தக் கமராவால் இரவில் எடுத்த படம் ஒன்றைக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். முடிவு செய்ய அது ஒன்றே போதும்.

4. பற்றரி: பெரும்பாலானவற்றுக்கு 4 அல்லது 8 சிறு பற்றரிகள் தேவை. மலிவான சாதாரண பற்றரி சில நாளில் இறங்கிவிடும். அல்கலைன் வகை நீண்ட நாள் நிற்கும். திரும்பச் சார்ஜ் செய்யும் பற்றரி 1.5 வோல்ற்றுக்குப் பதிலாக 1.2 வோல்ற்றே தருவதால், சில கமராக்களில் இரவு ஒளி குறையும். அது ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள். வீடியோவை நிறுத்திப் படம் மட்டும் எடுக்க வைத்தால் பற்றரி பல மடங்கு நாள் நிற்கும்.

5. நினைவு அட்டை: 32 ஜிபி அட்டையில் பல ஆயிரம் படங்கள் அடங்கும். அதற்கு மேல் தேவையில்லை. பெரிய அட்டையைச் சில கமராக்கள் ஏற்பதுமில்லை.

6. மழைக் காப்பு: ஐபி 65 அல்லது ஐபி 66 என்ற குறி இருக்க வேண்டும். மாரியில் மூடியின் இறப்பர் விளிம்பைத் துடைத்துப் பூட்டுங்கள். எறும்பு உள்ளே கூடு கட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. சிம் போடும் கமராவானால்: முதலில் உங்கள் தொலைபேசியைக் கமரா கட்டப்போகும் அதே மரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். 4ஜி இல் வேலை செய்யாத பழைய கமராவை மலிவென்று வாங்க வேண்டாம். படங்களை நிறுவனத்தின் கணினியில் சேமிக்க மாதக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வளவை ஊரார் பார்க்கவும் வழியுண்டு.

கட்டும் இடமும் உயரமும்

பன்றி, முள்ளம்பன்றி, நரி போன்றவற்றுக்கு முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரம் போதும். ஆளை அடையாளம் காண ஆறேழு அடி உயரத்தில் சற்றுக் கீழே பார்க்கும்படி கட்டுங்கள். யானை வரும் இடத்தில் தாழக் கட்டினால் அது பிடுங்கி எறிந்துவிடும்.

விலங்கு நேரே கமராவை நோக்கி வருவதைவிடக் குறுக்கே போகும்போதே உணரி நன்றாக உணரும். ஆகவே பாதைக்குச் சற்றுச் சரிவாக, பத்துப் பதினைந்து அடி தூரத்தில் கட்டுங்கள். கிழக்கு மேற்காகப் பார்க்க வைத்தால் காலை மாலை வெயில் படத்தைக் கெடுக்கும். வடக்கு நோக்குவது நல்லது. முன்னாலுள்ள புல்லையும் கொப்பையும் வெட்டிவிடுங்கள். ஆடாத மரத்தில் கட்டுங்கள். திகதியையும் நேரத்தையும் சரியாக அமையுங்கள். பின்னர் முறைப்பாடு செய்ய வேண்டிவந்தால் அதுவே முக்கியம்.

செய்யக்கூடாதவை

கமராவின் பார்வை உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கட்டும். அயலவரின் வாசலையோ, பெண்கள் குளிக்கும் கிணற்றடியையோ, மலசலகூடப் பாதையையோ அது பார்க்கக் கூடாது. கட்டுவதற்கு முன் அயலவரிடம் சொல்லுங்கள். முதற் படங்களை அவர்களுக்கும் காட்டுங்கள். நெடுங்காலம் காவலரண்களுக்கும் சோதனைகளுக்கும் நடுவே வாழ்ந்த எம்மவருக்கு, தம்மை யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணமே வேதனை தரும். சொல்லாமல் கட்டிய கமரா புதிய பகையைத்தான் கொண்டுவரும்.

படத்தில் ஓர் ஆள் தெரிந்தால் அதை முகநூலில் போட வேண்டாம். இரவுப் படத்தில் முகம் மாறித் தெரியும். தவறான ஆள்மேல் பழி விழுந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. படத்தைப் பிரதிசெய்து வைத்துக்கொண்டு, அட்டையைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி முறைப்பாடு செய்யுங்கள். ஊரிலுள்ளவரென்றால் கிராம அலுவலரோடு முதலில் பேசுங்கள்.

கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று அறிவிக்கப்படாத காணிக்குள், நல்ல மரம் நிற்கிறதென்று கமரா கட்டப் போக வேண்டாம். ஒதுக்கிய காட்டுக்குள்ளும் அனுமதியில்லாமல் கட்ட வேண்டாம்.

யானை வரும் இடமென்றால் இன்னும் ஒரு சொல். தொலைபேசியில் படம் வந்ததும் ரோர்ச் லைற்றோடு வெளியே ஓடக் கூடாது. படம் வந்து சேரும்போது யானை அந்த இடத்தில் நில்லாது. நீங்கள் திறக்கும் கதவருகிலும் நிற்கலாம். வீட்டுக்குள் இருந்துகொண்டு அயலவருக்கு அறிவியுங்கள். வனசீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

படம் விழுந்த பின்

எது என்று அறிந்த பின் அதற்கேற்ற வழியைத் தேடுவதே முக்கியம். முள்ளம்பன்றியானால் தென்னம்பிள்ளையையும் கிழங்குப் பாத்தியையும் சுற்றி, ஓர் அடி மண்ணுக்குள்ளும் இரண்டு அடி வெளியேயும் இருக்கக் கம்பிவலை அடியுங்கள். பன்றியானால் வேலியின் அடிப்பக்கத்தை இறுக்குங்கள். பனைமட்டையை நெருக்கமாக நிறுத்தி, கீழே முட்கம்பி இரண்டு வரி இழுங்கள். கட்டாக்காலி மாடானால் படத்தோடு கமக்காரர் அமைப்பிலும் பிரதேச சபையிலும் பேசலாம். மரநாய் அல்லது நரியானால் கோழிக்கூட்டின் வலையையும் கதவையும் திருத்துங்கள்.

பன்றிக்கென்று வேலியில் நேரே மின்சாரம் பாய்ச்சுவதும், வாய்வெடி வைப்பதும் சட்டவிரோதமானவை. அப்படிப் பாய்ச்சிய கம்பியில் விடியற்காலையில் வயலுக்குப் போன மனிதரும் கால்நடைகளும் இறந்திருக்கின்றனர். வாய்வெடியைக் கடித்த யானைக்கன்றுகள் உண்ண முடியாமற் பல நாள் பட்டினி கிடந்து சாகின்றன. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 5,879 யானைகள் இருந்தன. சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. எமது பயிரையும் உயிரையும் காக்கும் வழி வேலியும் அறிவும்தான்.

இன்னொரு பயனும் உண்டு. 2025 மார்ச் 15 அன்று காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம் நாடு முழுவதும் குரங்கு, மயில், மலையணில் போன்றவற்றைத் தத்தம் வளவுகளில் எண்ணும்படி அரசு மக்களைக் கேட்டது. பயிரை அழிக்கும் விலங்குகள் பற்றிய கணக்கு வீட்டு வளவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது. திகதி, நேரம் உள்ள படங்களும், ஒரு கொப்பியில் எழுதிய சேதக் கணக்கும் உங்களிடம் இருந்தால், அலுவலகத்தில் உங்கள் சொல்லுக்குப் பலம் கூடும்.

ஒரு குடும்பத்துக்கா, ஒரு கிராமத்துக்கா?

வாங்குவதற்கு முன் கணக்குப் பாருங்கள். கடந்த போகத்தில் இரவில் இழந்த விளைச்சலின் பெறுமதி எவ்வளவு? கமரா, பற்றரி, அட்டை, டேற்றா ஆகியவற்றின் ஓராண்டுச் செலவு எவ்வளவு? கண்டறிந்த பின் வேலிக்குப் போடப் பணம் மிஞ்சுமா? மிஞ்சாதென்றால் வேலியைத்தான் முதலில் செய்ய வேண்டும். கடன்பட்டுக் கமரா வாங்க வேண்டாம்.

எமது ஆலோசனை இதுதான். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலமோ கமக்காரர் அமைப்பின் மூலமோ ஒரே ஒரு காட்டுக் கமராவை வாங்குங்கள். ஒரு வீட்டில் பத்து இரவு வைத்தால், எது வருகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு அடுத்த வீட்டுக்குப் போகட்டும். பற்றரியை அந்தந்த வீட்டார் போடட்டும். யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பியது என்று ஒருவர் கொப்பியில் பதியட்டும். அட்டையைத் திறந்து பார்க்கும்போது வீட்டாரோடு இன்னும் ஒருவர் இருக்கட்டும்.

இப்படிச் செய்யும் ஊரில் பிள்ளைகள் படம் பார்க்கக் கூடுவதையும் கண்டிருக்கிறோம். தேவாங்கின் பெரிய கண்களையும், குட்டிகளை வரிசையாக நடத்திச்செல்லும் கீரியையும், தம் வளவிலேயே முதன்முறையாகக் காண்கிறார்கள். முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் காணியை அறிந்துகொள்ள இதுவும் ஒரு வழி.

ஆகவே அன்பர்களே, கமராவுக்கு முன் கேள்வி. கேள்விக்கு முன் கூட்டி மணல் பரப்பிய நான்கு அடி நிலம். இன்று பொழுதுபடுமுன் அதைச் செய்து பாருங்கள்.